படத்திற்குப் பெயரிடும் முறை: தேடுபொறியும் தமிழ்ச் சிற்பப் படங்களும்

தமிழகத்துக் கோயில்கள், சிற்பங்கள், ஓவியங்கள், கல்வெட்டுகள், ஏட்டுச்சுவடிகள் ஆகியவற்றின் படங்கள் இன்று இணையத்தில் மிகப் பலவாக ஏறியுள்ளன. பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் தனி ஆர்வலரும் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். ஆயினும், ஆய்வு மாணவர் ஒருவர் தமக்கு வேண்டிய படத்தைத் தேடுங்கால், அது இணையத்தில் இருந்தும் அவர் கைக்கு எட்டாமற் போவதைப் பலகாலும் காண்கிறோம். படத்தோடு சேர்த்து வைக்கத்தக்க சொல் இல்லாமையே இதற்குக் காரணம். மேலட்டையிற் பெயர் எழுதப்பெறாத சுவடிக்கட்டு, நூலகத்துள் இருந்தும் இல்லாததாகி விடுவது போன்றதே இது. அச்சொல் எது, அதனை எங்கே வைப்பது, எவ்வாறு எழுதுவது என்பவற்றைத் தமிழ் பயில்வார் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

தேடுபொறி செய்யும் தொழில், சொல்லடைவு தொகுப்பார் செய்யும் தொழிலோடு ஒருபுடை ஒத்தது. அது இணையப் பக்கங்களை ஓயாது படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அடைவு செய்து வைத்துக்கொள்கிறது. ஒருவர் ஒரு சொல்லை இட்டுத் தேடும்போது இணையம் முழுவதையும் அது அப்பொழுது புரட்டுவதில்லை. தன் அடைவையே புரட்டுகிறது. எனவே அடைவில் ஏறாதது தேடலில் வாராது. எழுத்தாலாகிய பக்கம் தானே அடைவில் ஏறும். படமோ நிறப்புள்ளிகளின் தொகுதி. அதனுள் சொல் இல்லை. ஆதலின் படத்தைச் சூழ்ந்துள்ள சொற்களைக் கொண்டே பொறி அதனை அறிய முற்படுகிறது. கோப்பின் பெயர், படத்திற்கு மாற்றாக எழுதிய உரை, கீழே எழுதிய விளக்கம், பக்கத்தின் தலைப்பு, படத்தை அடுத்து வரும் பத்தி ஆகியன அச்சொற்கள் இருக்கும் இடங்கள்.

இவ்வேற்பாடு தேடுபொறிக்காக ஏற்பட்டதன்று. இணையப் பக்கத்தில் படத்தைச் சேர்க்கும் குறியீட்டை 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்டிரீசன் முன்மொழிந்தார். அக்காலத்தில் எழுத்தை மட்டும் காட்டும் உலாவிகளும் வழக்கில் இருந்தன. அவற்றைக் கையாளுவார்க்குப் படம் இருக்கும் இடத்தில் ஒரு சொல்லேனும் தெரிதல் வேண்டும் என்ற எண்ணத்தால், 1995இல் வெளியான எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பின் வரையறையிலேயே மாற்றுரைக்கு இடம் வைத்தனர். 1997 இறுதியில் வந்த நான்காம் பதிப்பு அதனைக் கட்டாயம் ஆக்கியது. கூகுள் நிறுவனத்தின் படத்தேடல் 2001 சூலையில்தான் தோன்றியது. அதற்கு முந்திய ஆண்டு கிராமி விருது விழாவிற்கு ஜெனிபர் லோபஸ் அணிந்து வந்த பச்சை ஆடையைக் காண உலகமே விழைந்ததும், எழுத்துப் பக்கங்களை மட்டும் காட்டிய தேடல் அவ்விழைவை நிறைவேற்ற மாட்டாமையுமே அதன் தோற்றத்திற்குத் தூண்டுகோல் என்று அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த எரிக் ஷ்மிட் பின்னர் எழுதியுள்ளார். மாற்றுரை மூத்தது, படத்தேடல் இளையது என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. மாற்றுரை முதற்கண் படத்தைக் காண இயலாத மனிதர்க்கு உரியது. பொறி அதனைப் பின்னர்ப் பயன்கொண்டது. இம்முறை மாறி, பொறிக்காகவே மாற்றுரை எழுதத் தொடங்குவோர் எங்ஙனம் பிழைபடுகின்றனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மாற்றுரை

பொதுவாகப் பேசுவதினும் ஒரு படத்தை முன்வைத்துப் பேசுதல் தெளிவு தரும். மாமல்லபுரத்தில் உள்ள பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். அருகருகே நிற்கும் இரு பாறைகளின் முகப்பில் அது செதுக்கப்பட்டுள்ளது. இடையே ஒரு பிளவு. பிளவினுள் நாக உருவங்கள். காண்பார்க்கு வலப்பக்கம் பெரிய யானைகள். இடப்பக்கம் உடல் மெலிந்து, ஒற்றைக்காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் ஓர் உருவம். அதனை அடுத்துச் சிவபெருமான். யானையின் அருகே தவக்கோலத்தில் நிற்கும் பூனையொன்றும், அதனைச் சூழ எலிகளும் உள. இவையாவும் கண்ணாற் காண்பவை. இவற்றில் கருத்து வேறுபாட்டிற்கு இடம் இல்லை.

இச்சிற்பத்தின் பொருள் யாது என்பதிலோ, அறிஞர் இரு திறத்தினர். பாசுபதம் வேண்டி அருச்சுனன் செய்த தவம் என்பர் ஒரு சாரார். கங்கையை நிலத்திற்குக் கொணரப் பகீரதன் செய்த தவம் என்பர் மற்றொரு சாரார். பிளவின் வழியே நீர் வீழ்ந்திருக்கக்கூடும் என்பது பின்னவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று. இனி, இப்படத்தை வெளியிடுவோர் மாற்றுரையில் ‘அருச்சுனன் தவம்’ என்று மட்டும் எழுதினால் என்னாகும்? கங்கையின் வருகை என்று தேடுவார்க்கு அப்படம் தோன்றாது போகலாம். அதனினும் பெருங்கேடு ஒன்று உண்டு. ஒரு வழக்கில் ஒரு பக்கத்து முடிபு, முடிந்த முடிபாகப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படத்தை எடுத்தாளுவோர் பெயரையும் சேர்த்தே எடுத்தாளுவர். நூறு பக்கங்களில் அப்பெயர் ஏறியபின், எண்ணிக்கையே சான்றாகத் தோன்றும். தேடுபொறிக்கும் அவ்வாறே தோன்றும்.

தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்திற்கு இத்தகையதொரு நிலை நேர்ந்துள்ளது. அங்குள்ள சோழர்கால ஓவியங்களை 1931இல் வெளிப்படுத்தியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி ஆவார். அவ்வோவியங்களுள் தாடியுடைய முதியவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் சேர்ந்து தோன்றும் பகுதியைக் கருவூர்த்தேவரும் இராசராசனும் என்று கொள்வது பெருவழக்கு. அஃது ஆராய்ச்சியாளர் கொண்ட கருத்தேயாம், ஐயுற்றோரும் உளர். ஆயினும் இணையத்தில் அப்பகுதி ‘இராசராசன் உருவப்படம்’ என்னும் பெயரோடு ஐயத்தின் சுவடே இன்றி உலவுகிறது.

இவற்றை எண்ணியே, மூன்று நிலைகளைப் பிரித்துக்கொள்ளுதல் நலம் என்று கருதுகிறோம். காண்பது மாற்றுரைக்கு உரியது. கருதுவது படத்தின்கீழ் எழுதும் விளக்கத்திற்கு உரியது. யார், எச்சான்றால் கருதினர் என்பது பத்திக்கு உரியது. மேற்கூறிய மாமல்லபுரப் படத்தின் மாற்றுரை இவ்வாறு அமையலாம்: ‘மாமல்லபுரத்துப் பாறை முகப்பில் பெரும் புடைப்புச் சிற்பம், நடுவிற் பிளவு, வலப்பக்கம் யானைகள், இடப்பக்கம் ஒற்றைக்காலில் தவம் செய்யும் உருவம்.’ கீழ்விளக்கம்: ‘மாமல்லபுரம் (மகாபலிபுரம்), பல்லவர் காலம். அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாகக் கொள்வர்.’ இதனால் உண்மைக்கும் ஊறில்லை. இரு பெயரும் அடைவில் ஏறுதலால் தேடுவார்க்கும் குறையில்லை. ஆய்வு நேர்மையும் தேடற்பயனும் ஒன்றையொன்று பகைத்து நிற்பன என்னும் எண்ணம் சிலரிடை உண்டு. இங்கே அவை ஒரு வழியில் ஒன்றுபடுதலைக் காண்கிறோம்.

பகுதிப் படங்களுக்குப் பகுதியின் பெயரே வேண்டும். மேற்கூறிய பூனையை மட்டும் அண்மையில் எடுத்த படத்திற்கும் ‘அருச்சுனன் தவம்’ என்றே எழுதி விடுவோர் உளர். பூனையைத் தேடுவார்க்கு அது கிட்டாது. திரைபடிப்பான் வழிக் கேட்கும் பார்வையற்ற மாணவர்க்கோ பத்துப் படங்களும் ஒரே பெயரைப் பத்து முறை ஒலிக்கும். நம் துறைகளில் அத்தகைய மாணவரும் பயில்கின்றனர் என்பதை மறத்தல் ஆகாது. அவர்க்கு மாற்றுரையே படம். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் சுட்டாவிடின், திரைபடிப்பான் தமிழ் உரையை வேற்றுமொழி ஒலிப்பால் படிக்க முயன்று குழப்புதலும் உண்டு. வெறும் அணிக்காகப் பக்கத்தில் இட்ட கோடு, பூவேலை முதலிய படங்களுக்கு மாற்றுரையை வெற்றிடமாக விடுதலே முறை.

இனி, பிழைபட்ட முறையொன்று. ‘மாமல்லபுரம் மகாபலிபுரம் சிற்பம் சிற்பங்கள் பல்லவர் சிற்பம் அழகிய சிற்பம் சிற்பப் படம்’ என்று சொற்களை மூட்டையாகக் கட்டி மாற்றுரையில் திணிக்கின்றனர் சிலர். இதனாற் படம் முன்னே வரும் என்பது அவர் எண்ணம். இத்தகைய திணிப்பு, தளம் ஏமாற்றுத் தளமாகக் கருதப்படுவதற்கு இடந்தரும் என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுரையில் எச்சரித்துள்ளது. கேட்கும் மாணவர் படும் துன்பத்தைக் கூறவேண்டுவதில்லை. வாக்கியமாகாத சொற்குவியல் தமிழும் ஆகாது.

பெயர் வேறுபாடுகள்

ஒரு பொருட்குப் பல பெயர் உண்மையும், ஒரு பெயர்க்குப் பல பொருள் உண்மையும் நம் நிகண்டு ஆசிரியர் நன்கு அறிந்தவை. திவாகரம் ஒரு சொற்குப் பல பொருள் உரைப்பதற்கெனத் தனித்தொகுதியே வகுத்தது. தேடலில் எழும் இடர்ப்பாடும் இதுவே. மாமல்லபுரம், மகாபலிபுரம், மல்லை, கடல்மல்லை ஆகிய நான்கும் ஓரூரின் பெயர்கள். அருச்சுனன், அர்ச்சுனன், அர்ஜுனன் ஆகியன ஒரு பெயரின் எழுத்து வேறுபாடுகள். தவம் என்பாரும் தபசு என்பாரும் உளர். பெயர் பெரிதும் அறியப்பட்ட இடங்களில் இவ்வேறுபாடுகளைத் தேடுபொறி ஒருவாறு தானே உணர்ந்துகொள்கிறது. ஆயிரக்கணக்கானோர் முன்னரே எழுதிவைத்த சொற்களே அவ்வுணர்வுக்கு அடிப்படை. செங்கம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் ஏரிக்கரையில் நிற்கும் நடுகல்லுக்கு அத்தகைய துணை ஏதும் இல்லை. அதன் படத்தை ஏற்றுவோர் எழுதும் ஒரு வரியே அதற்குள்ள ஒரே வழி. ஆதலின், புகழ்பெற்ற சிற்பத்தினும் புகழ்பெறாத நடுகல்லுக்கே சொல் மிகுதியும் வேண்டும்: ஊர், வட்டம், மாவட்டம், நடுகல் என்னும் பெயரோடு வீரக்கல் என்னும் பெயர், எழுத்து வட்டெழுத்தாயின் அக்குறிப்பு, அரசன் பெயர் படிக்கப்பட்டிருப்பின் அது. நடைமுறையிலோ இதற்கு மாறாக, மாமல்லபுரத்திற்குப் பத்து வரியும் நடுகல்லுக்கு வெறும் எண்ணும் எழுதப்படுகின்றன.

இயந்திரம் இன்று படத்தைப் பார்க்கவும் கற்றுள்ளதே, பெயர் எதற்கு என்று வினவலாம். 2012க்குப்பின் இத்துறையில் ஏற்பட்ட வளர்ச்சி பெரிது. யானை, பாறை, மனித உருவம் என்பனவற்றைப் பொறி தானே இனம் காண்கிறது. அக்கல்வியும் மனிதர் இட்ட பெயர்களாற் பெற்றதே. லூயிஸ் வான் ஆன் என்பார் அமைத்த சொல்விளையாட்டொன்றைத் தழுவி, இருவர் ஒரு படத்திற்கு ஒரே சொல்லைச் சொன்னாற் புள்ளி தரும் விளையாட்டைக் கூகுள் 2006 முதல் 2011 வரை நடத்தியது. அவ்விளையாட்டில் ‘யானை’ என்று இருவர் ஒருங்கே சொல்லுதல் எளிது. ‘நவகண்டம்’ என்று யார் சொல்வார்? துறைச்சொல்லைத் துறையறிந்தாரே தர இயலும்.

தமிழ்ச் சொற்கள் வேற்றுமையேற்றும் புணர்ந்தும் வடிவம் மாறுதல் இங்குக் கருதவேண்டிய மற்றொன்று. மாமல்லபுரத்துச் சிற்பம், மாமல்லபுரச் சிற்பங்களில் என்றெல்லாம் எழுதுங்கால் மாமல்லபுரம் என்னும் முழுவடிவம் ஒருகாலும் வாராமலே பத்தி முடிந்துவிடுதல் கூடும். இவற்றைப் பகுத்தறியும் ஆற்றல் பொறிகட்கு வளர்ந்து வருகிறதெனினும், அதனையே நம்பியிராது, கீழ்விளக்கத்தில் ஒருமுறையேனும் பெயரை எழுவாய் வடிவில் தனித்து நிறுத்துதல் தக்கது.

எழுத்துக் குறியீடு

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன பொறிக்கு வேறாதல் உண்டு. ஔகாரத்தை ஓரெழுத்தாகத் தட்டி ‘ஔவை’ என்று எழுதலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்றும் எழுதிவிடலாம். அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பொறிக்கோ பின்னது ‘ஒ-ள-வை’ என்னும் வேறு சொல். தமிழ் எண்ணாகிய ௧ என்பதும் ககரமும் அவ்வாறே. ௭ என்பதும் எகரமும் அவ்வாறே. கல்வெட்டுப் படங்களின் ஆண்டுக் குறிப்பை எழுதுவோர் இதிற் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து நின்றால் அவ்வாண்டைத் தேடுவார்க்கு அப்பக்கம் கிட்டாது.

பழைய தளங்களுக்கு வேறு குறையும் உண்டு. ஒருங்குறியில் தமிழ் 1991லேயே இடம்பெற்றதாயினும், 1990களிலும் அதன்பின் சில ஆண்டுகளும் எழுத்துருவுக்கு ஒரு குறியீடாகத் தமிழ் எழுதப்பட்டது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ் பதினாறையும் தரமாக அறிவித்தது. பழைய குறியீட்டில் எழுதிய பட விளக்கங்கள் பொறிக்குத் தமிழாகவே தோன்றுவதில்லை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள. மாற்றாது கிடக்கும் தளங்களின் படங்கள் இருளில் இருக்கின்றன.

கோப்பும் அதன் எடையும்

கோப்பின் பெயரால் விளையும் பயன் சிறிது; கூகுளின் வழிகாட்டுரையும் அதனை மிக மெல்லிய குறிப்பென்றே சொல்கிறது. எனினும், படக்கருவி தானே இடும் எண்ணைப் பெயராக விடுதலினும் பொருளுடைய பெயர் நன்று. அதனைத் தமிழ் எழுத்தில் இடலாமோ எனின், இடலாம். பொறி அதனைப் படிக்கும். ஆயினும் இடர் ஒன்று உண்டு. நாம் ஏழெழுத்தாக எண்ணும் ‘மாமல்லபுரம்’ ஒருங்குறியிற் பதினொரு குறிகளாகும். ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது உரோமன் குறிகளாக விரியும். ஆக 99 குறிகள். அம்முகவரியை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஏற்ற முயன்றோர் இதன் தொல்லையை அறிவர். எனவே கோப்புப் பெயரைச் சிறிய உரோமன் எழுத்தில், சொற்களிடையே சிறுகோடு இட்டு அமைத்து, தமிழ்ப்பெயரை மாற்றுரையிலும் விளக்கத்திலும் முழுமையாக வைத்தலே எம் துணிபு.

நூலகங்கள் காப்பிற்காக எடுக்கும் படங்கள் பெரும்பாலும் டிஃப் என்னும் வகையின. அவ்வகை கூகுள் படத்தேடல் ஏற்கும் வகைகளுள் இல்லை. காப்புப்படியை அவ்வாறே வைத்துக்கொண்டு, காட்சிப்படியாக ஜேபெக், பி.என்.ஜி., வெப்பி ஆகியவற்றுள் ஒன்றை வெளியிடுதல் வேண்டும். 2010இல் கூகுள் அறிமுகஞ்செய்த வெப்பி வகை, ஒத்த தரமுடைய ஜேபெக் படத்தினும் 25 முதல் 34 விழுக்காடு வரை சிறிது என்பது அந்நிறுவனம் கூறும் கணக்கு. அளவும் நோக்கத்தக்கது. 6000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் உள்ள படம், சுருக்காத நிலையில் 7 கோடியே 20 இலட்சம் பைட்டு; 1200க்கு 800 ஆகக் குறைத்தால் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கே. பக்கத்தின் பெரிய படம் இரண்டரை நொடிக்குள் தோன்றுதல் நல்ல நிலை என்பது இன்றைய அளவுகோல். சிற்றூரிலிருந்து கைபேசியிற் படிக்கும் மாணவர்க்கு இது பொறியின் மதிப்பெண்ணினும் முதன்மையானது. பெரிய படம் வேண்டுவார்க்கு அதனைத் தனி இணைப்பாகத் தரலாம். படத்தைப் பக்கத்தின் பின்னணியாக அமைத்தால் அது தேடலில் ஏறாது. படக்குறியீட்டின் வழியே சேர்த்தல் வேண்டும்.

எழுத்துள்ள படங்கள்

ஏட்டுச்சுவடியின் படமும் பழம்பதிப்பின் படமும் சிற்பப் படத்தினும் ஒரு வகையில் இரங்கத்தக்கன. அவற்றுள் சொல் நிறைந்து கிடக்கிறது; ஆயினும் பொறிக்கு அதுவும் புள்ளியே. அச்சுப் புத்தகப் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கும் கருவிகள் இன்று ஓரளவு நன்கு தொழிற்படுகின்றன. தமிழ் விக்கிமூலத்தில் உழைப்போர் அவ்வாறு பெற்ற பாடத்தைக் கண்கொண்டு திருத்தி வெளியிடுகின்றனர். சுவடிக்கோ இது போதாது. பெரும்பாலான ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒருதன்மைய. பொருள் அறிந்து பிரித்துப் படிப்பதே சுவடி படிப்பு.

சுவடி முழுவதையும் பெயர்த்தெழுதிய பின்னரே வெளியிடுவோம் என்று காத்திருத்தல் வேண்டா. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் விளக்க அட்டவணைகள் ஒவ்வொரு சுவடிக்கும் அதன் தொடக்கத்தையும் முடிவையும் எடுத்தெழுதும் முறையைக் கையாண்டன. அம்முறையே தேடுபொறிக்கும் மிகப் பொருந்தும். முதலேட்டுப் படத்தின்கீழ்த் தொடக்கப் பகுதியையும், இறுதியேட்டுப் படத்தின்கீழ் முடிவுப் பகுதியையும், எழுதினோர் பெயரும் நாளும் உள்ள குறிப்பு இருப்பின் அதனையும் எழுத்தில் தருக. மாற்றுரையில் பாடம் முழுவதையும் அடைத்தல் வேண்டா. ‘சுவடியின் முதலேடு, பத்து வரி, இடப்பக்கம் சிதைவு’ என்பது போல் சுருங்கச் சொல்லிப் பாடத்தைப் பக்கத்தில் வைத்தலே முறை. சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுதலும், ஊகித்த எழுத்தைப் பகர வளைவுள் அடைத்தலும் பதிப்பு நெறி. தேடலில் முன்னிற்கும் பொருட்டு ஊகத்தை நிரப்பி எழுதலாகாது.

ஒருமுறை வெளியிட்ட படத்தின் முகவரியைக் காரணமின்றி மாற்றுதலும் ஆகாது. அடைவில் ஏறிய பழைய முகவரி வெறுமையாகும். அதனைச் சுட்டிய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளும் வெறுமையாகும். தளத்தைப் புதுக்குங்கால் மாற்றியே தீரவேண்டுமெனின், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்குத் திருப்பும் ஏற்பாட்டை உடன் செய்தல் வேண்டும். தேடுபொறியின் தேவைக்கு அது ஓராண்டு நின்றாற் போதும் என்பர். ஆய்வேட்டின் தேவைக்கு அதனை எடுத்துவிடாமலே வைத்திருத்தல் வேண்டும்.